அரை வீச்சு

கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதம்.
மைதானத்து வேலியோரம் கச்சான் விற்கிறவர்
சுருள்களின்மேல் கல் வைத்திருக்கிறார்.
என் தொப்பிக்கு வைக்கக் கல் இல்லை.

கிழமை நாட்களில் நான் மீன் துறைமுகத்தில் நிறுவைக்காரன்.
முள் ஆடும். சூரை துடிக்கும். முதலாளி அவசரப்படுவார்.
முள் நிற்கும்வரை நான் எழுதுவதில்லை;
அதற்காக இருபது வருடம் வாங்கிய ஏச்சு
ஒரு வள்ளம் கொள்ளும்.
ஞாயிறு பின்னேரம், கம்பி முகமூடிக்குள் வேறு ஆள்.
இங்கே முள் நிற்காது.

இரண்டாம் இன்னிங்ஸில் ஒன்று நடந்தது.
உள்ளே வளைந்த பந்துக்கு மட்டையை வீசினாள்
நிலாவெளிப் பிள்ளை ஒருத்தி.
மட்டையில் படவில்லை, முழங்கையில் பட்டது.
கையைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாள்.
ஐஸ் கொண்டு ஓடிவந்தார்கள்.
நான் சொன்னேன்: ஸ்ட்ரைக்.
பந்து பட்டவளுக்குத் தளம் உண்டு,
அடிக்கப் போகாமல் நின்றிருந்தால்.
போனவளுக்கு வலி மட்டும்.
"உனக்கும் பிள்ளை இருக்குதோ?" வேலியிலிருந்து ஒரு குரல்.
இருக்கிறாள்.
அவளென்றாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தேன்,
அவ்வளவு உறுதியாக இல்லை.

நாலாவதில் ஒருத்தியின் மட்டை கைநழுவி
பந்துக்கு எதிரே பறந்து பிட்சரின் காலடியில் விழுந்தது.
எல்லோரும் சிரித்தார்கள்.
அதுவும் வீச்சுத்தான்.
சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினேன்.

பிறகு கடைசி இன்னிங்ஸ்.
இரண்டு பேர் அவுட். மூன்று போல், இரண்டு ஸ்ட்ரைக்.
சமன் செய்யும் ஓட்டம் மூன்றாம் தளத்தில்
காலைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறது.
மட்டையோடு ரிஸ்மியா. கிண்ணியாவிலிருந்து
பாலம் கடந்து வந்த இரண்டு பஸ் சனமும்
எழும்பி நிற்கிறது.

தர்மினி எறிந்தது வெளியே போகிற பந்து.
ஒரு சாண் வெளியே; அதில் வழக்கில்லை.
மட்டை புறப்பட்டது.
புறப்பட்டது பிழையென்று பாதியில் பட்டதுபோல
மணிக்கட்டு இரண்டும் பின்னே இழுத்தன.
நுனி எங்கோ ஓரிடத்தில் நின்று நடுங்கிற்று.

எங்கே?
விதிப்புத்தகத்தில் கோடு கிடையாது.
மணிக்கட்டு திரும்பியதா, நுனி தட்டைக் கடந்ததா
என்பதெல்லாம் தேத்தண்ணிக் கடையில்
நாங்கள் உண்டாக்கிய அளவுகள்.
புத்தகம் கேட்பது ஒன்றுதான்: அடிக்க முயன்றாளா?
மனதைக் கேட்கிறது.
எனக்குத் தெரிந்ததோ ஒரு முழங்கை, தூசி,
தோளில் படபடத்த வெள்ளைத் துணி,
முதுகுப் பக்கம் தள்ளுகிற கச்சான்.
காற்று கொண்டுபோனதா, கை கொண்டுபோனதா?

"ஸ்ட்ரைக்" என்றது என் வாய்.

போல் என்றிருந்தால் கச்சர் கேட்டிருப்பாள்.
நான் தளத்து நடுவரைக் கைகாட்டியிருப்பேன்,
பாரம் பாதியாகியிருக்கும்.
ஸ்ட்ரைக்குக்கு மேன்முறையீடு இல்லை.
ஒரு தண்ணீர்ப் போத்தல் உருண்டு வந்து
என் சப்பாத்தில் இடித்து நின்றது.

ரிஸ்மியா கத்தவில்லை.
முகமூடிக் கம்பிக்குள் என்னைத் தேடிப் பார்த்து
தாழ்ந்த குரலில் சொன்னாள்:
"கை போனது சேர். நான் போகல்ல."

சனம் போனபின், பந்துப் பையைக் கட்டிக்கொண்டே
நிமலசிறி, தன் கடற்படைத் தமிழில்:
"என்னக் கேட்டா, போகல்ல எண்டுதான் சொல்றது."
கொஞ்சம் பொறுத்து,
"ஆனா அந்த நேரம் நான் மான் பாத்தது."

மான்கள் இன்னும் வலது மூலையில் நின்றன,
சுண்ணாம்புக் கோட்டை மோந்து,
கச்சான் சுற்றிய கடதாசியை மென்றுகொண்டு.

வீட்டில் காற்சட்டை கழற்றும்போது எண்ணி விழுந்தது.
உள்ளங்கை அளவு பிளாஸ்டிக், மூன்று சில்லு.
மூன்று போல். இரண்டு அவுட்.
ஸ்ட்ரைக் இன்னும் இரண்டில் நிற்கிறது.
வாய் சொன்ன நேரம்
பெருவிரல் அதைத் திருப்பவில்லை.
திருப்பாமலே எடுத்து
மேசையில் வைத்தேன்.